முதல் இஷ்டியைப் படிப்பது எப்படி? வேள்வி நூல்களுக்குள் நுழைவோருக்கு ஒரு வழி

கிருஷ்ண யஜுர்வேத நூலான தைத்திரீய சம்ஹிதையின் முதல் பக்கத்தைத் திறந்தால் வரும் முதல் வரி "இஷே த்வோர்ஜே த்வா". பொருள் தேடினால் "உணவுக்காக உன்னை, வலிமைக்காக உன்னை" என்று கிடைக்கும். யாரை? என்ன செய்ய? வாக்கியத்தில் வினைச்சொல்லே இல்லை. அடுத்த வரி "நீங்கள் காற்றுகள்" என்கிறது. ஆர்வத்தோடு வாங்கிய புத்தகம் மூன்றாம் பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடுகிறது.

அந்த வினைச்சொல் வேறொரு நூலில் இருக்கிறது. வேள்விச் செய்முறை நூலான ஆபஸ்தம்ப சிரௌத சூத்திரத்தின் தொடக்கத்தில் "இஷே த்வோர்ஜே த்வா என்று அதை அறுக்கிறான்" என்று வருகிறது. "அது" என்பது ஒரு மரக்கிளை. ஏன் கிளை, ஏன் அந்த மரம் என்ற விளக்கம் மூன்றாவது நூலான தைத்திரீய பிராமணத்தில் இருக்கிறது. வாய் சொல்வது ஒரு நூலில், கை செய்வது ஒரு நூலில், காரணம் ஒரு நூலில். இவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படித்தால் எதுவும் பிடிபடாது. ஒரே ஒரு சடங்கை எடுத்துக்கொண்டு மூன்று நூல்களையும் பக்கத்தில் விரித்துவைத்துக் குறுக்குவாட்டில் படிக்க வேண்டும்.

அதற்கு ஏற்ற சடங்கு தர்சபூர்ணமாசம், அதாவது அமாவாசை, பௌர்ணமி இஷ்டிகள். இஷ்டி என்பது புரோடாசம் என்னும் மாவு அடை, பால், நெய் போன்றவற்றைத் தீயில் அளிக்கும் எளிய வேள்வி. பௌர்ணமி இஷ்டிதான் மற்ற எல்லா இஷ்டிகளுக்கும் மூலப்படிவம். மரபில் "பிரகிருதி" என்பார்கள். இதைப் படித்துவிட்டால் மற்றவற்றில் மாறும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு சொல் விளக்கம். "பிராமணம்" என்பது இங்கே நூல்வகையின் பெயர், மக்கள் பிரிவின் பெயரல்ல. மந்திரத்தையும் சடங்கையும் விளக்கும் வேத உரைநடைப் பகுதிக்கு அந்தப் பெயர்.

சாகையை முதலில் முடிவு செய்யுங்கள்

ஒவ்வொரு வேதத்துக்கும் பல சாகைகள், அதாவது ஓதும் மரபுக் கிளைகள், உண்டு. சாகைக்குச் சாகை பாடமும் செய்முறையும் வேறுபடும். தமிழ்நாட்டில் பெரியோரை வணங்கித் தன் மரபைக் கூறும் அபிவாதனம் சொல்லும் வழக்கமுள்ள குடும்பங்களில் பதில் தயாராக இருக்கும்: "ஆபஸ்தம்ப சூத்திரம், யஜுஸ் சாகை" என்று அதிலேயே வந்துவிடுகிறது. யஜுர்வேதிகளில் ஆபஸ்தம்பரும் போதாயனரும், ருக்வேதிகளுக்கு ஆஸ்வலாயனர், சாமவேதிகளுக்குத் திராஹ்யாயணர் என்பது இங்கே பரவலாகக் காணும் வழக்கு.

அப்படி எந்தத் தொடர்பும் இல்லாமல் படிக்க வருபவர்களும் தைத்திரீயத்தையும் ஆபஸ்தம்பத்தையும் எடுப்பதே நல்லது. ஆபஸ்தம்பரின் கல்ப சூத்திரம் 30 பிரச்னங்களாக, அதாவது பகுதிகளாக, முழுமையாகக் கிடைக்கிறது. முதல் 24 சிரௌதம் என்னும் வேள்விமுறை, 25, 26 கிருஹ்யம் என்னும் வீட்டுச் சடங்குகளுக்கான மந்திரங்கள், 27 கிருஹ்யம், 28, 29 தர்மம், 30 சுல்பம் என்னும் அளவைக் கணக்கு. ஒரே ஆசிரியர் மரபில் இத்தனையும் சேர்ந்து கிடைப்பது அரிது. போதாயன சூத்திரம் இன்னும் விரிவான உரைநடை. செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஆபஸ்தம்பம் சுருக்கமாக இருந்து ஓரிடத்தில் சிக்கிக்கொண்டால் போதாயனத்தைத் திறந்து பாருங்கள், ஆனால் பென்சிலால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் சதபத பிராமணத்துக்குப் போவதுண்டு. எகலிங் 1882 முதல் 1900 வரை ஐந்து தொகுதிகளாக அதை மொழிபெயர்த்திருக்கிறார். நல்ல நூல்தான். ஆனால் அது சுக்ல யஜுர்வேதம், தைத்திரீயமோ கிருஷ்ண யஜுர்வேதம். அதற்குரிய சூத்திரம் காத்யாயனம். சதபத விளக்கத்தைத் தைத்திரீய மந்திரத்துக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது.

விலாசம் படிக்கப் பழகுங்கள்

தைத்திரீய சம்ஹிதை 1.1.4.2 என்றால் காண்டம் 1, பிரச்னம் 1, அனுவாகம் 4, அதில் இரண்டாம் பஞ்சாதி. மொத்தம் 7 காண்டங்கள், 44 பிரச்னங்கள், 651 அனுவாகங்கள். பஞ்சாதி என்பது ஐம்பது சொற்கள் கொண்ட துண்டு. அது பொருள் பார்த்து வெட்டியதல்ல, எண்ணி வெட்டியது. வாக்கியத்தின் நடுவிலும் முடியும். பஞ்சாதி முடிகிற இடத்தில் கருத்தும் முடிகிறது என்று எண்ணிப் பொருள் கொண்டால் தவறாகிவிடும்.

ஆபஸ்தம்ப சூத்திரத்தில் 1.2.10 என்றால் பிரச்னம், கண்டிகை, சூத்திரம். சதபதத்தில் நான்கு எண்கள்: காண்டம், அத்தியாயம், பிராமணம், கண்டிகை. ஐதரேய பிராமணத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதில் 8 பஞ்சிகைகள், 40 அத்தியாயங்கள். சிலர் 7.13 என்று பஞ்சிகைக் கணக்கிலும், சிலர் 33.1 என்று தொடர் அத்தியாயக் கணக்கிலும் குறிப்பார்கள். இரண்டும் சுனச்சேபன் கதை தொடங்கும் அதே இடம்தான்.

அச்சில் இருக்கும் ஆனால் மந்திரமல்லாத சில விஷயங்களும் உண்டு. முதல் அனுவாகத்தின் முடிவில் "இஷே த்ரிசத்வாரிம்சத்" என்று ஒரு வரி இருக்கும். "இஷே என்று தொடங்கும் பகுதி, நாற்பத்து மூன்று" என்று பொருள். அந்த அனுவாகத்தில் 43 சொற்கள். பாடம் தேயாமல் காக்க வைத்த எண்ணிக்கைக் காவல் இது. ஐம்பதைத் தாண்டும் அனுவாகங்களில் ஒவ்வொரு ஐம்பதும் முடியும் சொல்லையும் மிச்சத்தின் எண்ணிக்கையையும் கோத்துச் சொல்லும். இதை மந்திரத்தின் கடைசி வரி என்று எண்ணிப் பொருள் தேடித் தவிப்பவர்கள் பலர்.

ஓதும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுவரக் குறிகளிலும் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. தைத்திரீய அச்சில் எழுத்தின் கீழே படுக்கைக்கோடு இருந்தால் அனுதாத்தம், மேலே செங்குத்துக்கோடு இருந்தால் சுவரிதம், உதாத்தத்துக்குக் குறியே இல்லை. சதபத பிராமணத்திலோ கீழே போட்ட அதே படுக்கைக்கோடுதான் உதாத்தம். ஒன்றைப் படித்துப் பழகிய கண்ணோடு மற்றொன்றைப் பார்த்தால் சுவரம் முழுவதும் தலைகீழாகப் போகும்.

தைத்திரீயப் பாடத்தில் ச, ஷ, ஸ, ஹ, ர ஆகியவற்றுக்கு முன் அனுஸ்வாரம் வந்தால் "க்ம்" போல ஒலிக்கும்படி அச்சிட்டிருப்பார்கள். அது தனிச் சொல்லல்ல. "ஸ்வ:" என்று பிற வேதத்தார் சொல்லும் இடத்தில் தைத்திரீயர் "ஸுவ:" என்பார்கள். இதுவும் அச்சுப்பிழை அல்ல.

தரையைத் தாளில் வரையுங்கள்

இதைச் செய்யாமல் சூத்திரத்தைத் தொடாதீர்கள். ஒரு பெரிய தாளில் கிழக்கை மேல்பக்கமாக வைத்து வரையுங்கள். வேள்விக்கு மூன்று தீ. கீழே, அதாவது மேற்கில், வட்டமாகக் கார்ஹபத்யம். மேலே கிழக்கில் சதுரமாக ஆஹவனீயம். தெற்கில், கார்ஹபத்யத்தை ஒட்டிய பகுதியில், அரைவட்டமாகத் தக்ஷிணாக்னி. கார்ஹபத்யத்துக்கும் ஆஹவனீயத்துக்கும் இடைவெளி அந்தணருக்கு 8 பிரக்கிரமம், அரசருக்கு 11, வணிகருக்கு 12. பிரக்கிரமம் என்பது ஓர் எட்டு. இந்த எண்கள் காயத்ரி, திருஷ்டுப், ஜகதி என்ற மூன்று சந்தங்களின் பாத எழுத்துக் கணக்கு. எட்டு, பதினொன்று, பன்னிரண்டு என்று எங்கே பார்த்தாலும் முதலில் சந்தத்தைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இந்த இரண்டு அக்னிகளுக்கும் நடுவே வேதி என்னும் வேள்வித் தரை. மேற்கில் அகலம், கிழக்கில் அதைவிடக் குறைவு, நடுவில் இடை ஒடுங்கியது. தோண்டிய மண்ணைப் போடும் உத்கரம் வடக்கே. புரோகிதர் நால்வர்: ஆஹவனீயத்துக்குத் தெற்கே மேற்பார்வை பார்க்கும் பிரம்மா, வேதியின் வடமேற்கு மூலையருகே ருக் மந்திரங்கள் சொல்லும் ஹோதா, வடக்கே உத்கரத்தருகே உதவியாளரான ஆக்னீத்ரர். செயல்களைச் செய்யும் அத்வர்யுவுக்கு நிலையான இடமில்லை, அவர் ஓடிக்கொண்டே இருப்பார். வேள்வியைச் செய்விக்கும் யஜமானர் தெற்கில், அவர் மனைவியான பத்னி கார்ஹபத்யத்துக்குத் தென்மேற்கில். பேருக்கு ஒரு மிளகு, கடுகு என்று வைத்து நகர்த்திப் படித்தாலும் நல்லதுதான். கண்ணால் பார்த்தது மறக்காது.

திசைச்சொற்கள் இரட்டைப் பொருள் கொண்டவை. கிழக்கு நோக்கி நிற்பதாக வைத்தே எல்லாம் பேசப்படுகிறது. ஆகவே "தக்ஷிண" என்றால் தெற்கும் வலமும். "புரஸ்தாத்" என்றால் முன்னாலும் கிழக்கிலும். "உத்தர" என்ற சொல் வடக்கு, மேலானது, அடுத்தது என்று மூன்று வேலை பார்க்கும். மொழிபெயர்ப்பில் "வடக்குச் சமித்து" என்று வந்து பொருள் ஒட்டவில்லையென்றால் அது "அடுத்த சமித்தா" என்று பாருங்கள்.

பாத்திரங்களில் நான்கை முதலில் நினைவில் நிறுத்துங்கள். ஸ்ருவம் சிறு கரண்டி, கருங்காலி மரம். ஜுஹூ ஆகுதி இடும் நீண்ட அகப்பை, பலாசம், நம் ஊர்ப் பேச்சில் புரசு. உபப்ருத் அரச மரம், ஜுஹூவுக்குக் கீழே தாங்கிப் பிடிப்பது. த்ருவா விகங்கத மரம், வேதியில் அசையாமல் இருப்பது. ஸ்ருவத்தால் நெய் மொள்ளும்போது ஜுஹூவில் நான்கு முறை, உபப்ருத்தில் எட்டு முறை, த்ருவாவில் நான்கு முறை. எட்டு முறை மொண்டாலும் உபப்ருத்தில் நெய் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறது பிராமணம். முறையின் எண்ணிக்கை வேறு, அளவு வேறு.

24ஆம் பிரச்னத்தை முதலில் படியுங்கள்

ஆபஸ்தம்பரின் பொதுவிதிகளான பரிபாஷை, சிரௌதப் பகுதியின் கடைசியில் 24ஆம் பிரச்னத்தில் இருக்கிறது. வரிசையாகப் படிப்பவர் அங்கே போய்ச் சேர்வதற்குள் நூலைக் கைவிட்டிருப்பார். முதல் நாலைந்து கண்டிகைகளை முன்னாலேயே படித்துவிடுங்கள். அங்குள்ள சில விதிகள் இல்லாமல் எந்தப் பக்கமும் புரியாது.

மந்திரங்கள் முதற்சொல்லால் மட்டும் சுட்டப்படும். சூத்திரத்தில் "இஷே த்வோர்ஜே த்வா என்று" என இருந்தால் முழு மந்திரத்தையும் சம்ஹிதையில் தேடி எடுக்க வேண்டும். எதுவரை? அடுத்த மந்திரத்தின் தொடக்கம் எதுவோ அதற்கு முன்வரை. மந்திரம் முடியும் கணத்தில் செயல் தொடங்கும், சொல்லிக்கொண்டே செய்வதல்ல. ருக்கும் சாமமும் உரக்க, யஜுஸ் மெல்ல.

"ஹோமம் செய்கிறான்" என்று மொட்டையாக இருந்தால் பொருள் நெய், செய்பவர் அத்வர்யு, பாத்திரம் ஜுஹூ, இடம் ஆஹவனீயம். ஜுஹூ வேறு வேலையில் இருந்தால் ஸ்ருவம். இந்த நான்கும் சொல்லப்படாமலே தொக்கி நிற்கும். சூத்திரம் எதையாவது வெளிப்படையாகச் சொன்னால், அந்த இடத்தில் வழக்கம் மாறுகிறது என்று பொருள். தேவையில்லாமல் ஒரு சொல்லும் அங்கே இருக்காது என்ற நம்பிக்கையோடு படிக்க வேண்டிய நூல் இது.

முதல் அனுவாகத்தை மூன்று பத்தியாக எழுதுங்கள்

ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: மந்திரம், செயல், காரணம். சம்ஹிதை 1.1.1, ஆபஸ்தம்பம் 1.1, 1.2, பிராமணம் 3.2.1 ஆகியவற்றை விரித்துவையுங்கள். மொத்தம் 43 சொற்கள்தான். இரண்டு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்.

நாள், அமாவாசை இஷ்டிக்கு முந்தைய நாள். மறுநாள் இந்திரனுக்குத் தயிரும் பாலும் அளிக்க வேண்டும். இதற்குச் சாந்நாய்யம் என்று பெயர். அதற்குப் பால் வேண்டும். பாலுக்குக் கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். பிரிக்க ஒரு கிளை வேண்டும்.

செயல்: பலாசக் கிளையோ வன்னிக் கிளையோ கொண்டுவர வேண்டும். இலை மிகுந்து, கிளை மிகுந்து, நுனி காயாமல், பொந்தில்லாமல் இருக்க வேண்டும். "இஷே த்வோர்ஜே த்வா" என்று அறுக்கிறார். காரணம்: மூன்றாம் விண்ணில் இருந்த சோமத்தைக் காயத்ரி கொண்டுவந்தாள், வழியில் அதன் இலை ஒன்று அறுந்து விழுந்தது, அதுவே "பர்ணம்" என்ற பலாசம் ஆயிற்று. ஆகவே பலாசத்தைத் தொடுவது சோமத்தைத் தொடுவது. நுனி ஏன் காயக்கூடாது? ஒருவனுக்கு ஆடுமாடு இல்லாமல் போகட்டும் என்று நினைத்தால் இலையற்ற, நுனி காய்ந்த கிளையைக் கொண்டுவருவான் என்கிறது பிராமணம். சூத்திரத்தில் தேர்வு விதியாக இருப்பது பிராமணத்தில் காரணமாக விரிகிறது.

அடுத்து "வாயவ ஸ்தோபாயவ ஸ்த" என்று அந்தக் கிளையால் குறைந்தது ஆறு கன்றுகளை விலக்குகிறார். "நீங்கள் காற்றுகள்" என்பது கன்றுகளைப் பார்த்துச் சொல்வது. வாயு இடைவெளியின் தலைவன், ஆடுமாடுகள் இடைவெளிக்குரியவை. அவற்றை வாயுவிடமே ஒப்படைக்கிறார். ஆனால் அப்படிச் சொன்னால் துரத்திவிட்டதாக ஆகிவிடுமே? அதனால்தான் "உபாயவ ஸ்த" என்ற சொல்லும் சேர்கிறது, அதனால் அவற்றை யஜமானனிடம் திரும்ப அழைக்கிறார் என்று தைத்திரீய பிராமணம் விளக்குகிறது.

சதபதம் 1.7.1இல் இதே இடத்துக்குப் போனால், "சிலர் உபாயவ ஸ்த என்றும் சொல்கிறார்கள், அப்படிச் சொல்லக்கூடாது" என்று வரும். "உப" என்பது இரண்டாமவன் நெருங்கிவருவதைக் குறிக்கும் என்பது அவர்கள் வாதம். ஒரு சாகைக்கு அரவணைப்பாக இருக்கும் சொல் இன்னொரு சாகைக்கு ஆபத்து. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் குழப்பமே மிஞ்சும். தனித்தனியாக வைத்தால் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய வகுப்பறை விவாதம் ஒன்று காதில் விழும். இந்த நூல்களைப் படிப்பதில் உள்ள பெரிய இன்பம் இதுதான்.

பிறகு "தேவோ வ: ஸவிதா" என்று பசுக்களை மேய்ச்சலுக்கு அனுப்புகிறார். கடைசியில் "யஜமானஸ்ய பசூன் பாஹி" என்று அக்னி இருக்கும் சாலையிலோ வண்டியிலோ கிளையை மறைத்துவைக்கிறார். "யஜமானனின் ஆடுமாடுகளைக் காப்பாயாக" என்ற அந்த வேண்டுதல் கடவுளிடமல்ல, கிளையிடம்.

இங்கே ஒரு தடை வரும். பௌர்ணமி இஷ்டியில் பால் இல்லை; ஆகவே கிளையும் இல்லை, கன்றும் இல்லை. அமாவாசையிலும் சோமயாகம் செய்தவருக்கே சாந்நாய்யம் என்பது சம்ஹிதையின் கூற்று. மற்றவர்களுக்கு இந்திராக்னிக்குப் புரோடாசம். ஆக, வேதத்தின் முதல் வரி எல்லா இஷ்டியிலும் பயன்படுவதில்லை. சம்ஹிதை வரிசை பெரும்பாலும் செயல் வரிசையோடு போகும், ஆனால் எல்லா வாய்ப்புகளையும் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

மிச்சப் பதின்மூன்று அனுவாகங்கள்

இரண்டாவது, தர்ப்பை அறுப்பது. மூன்றாவது, பால் கறப்பது. நான்காவது, வண்டியிலிருந்து நெல் எடுப்பது: தேவதைக்கு நான்கு பிடி, மூன்று மந்திரத்தோடு, நான்காவது பேசாமல். ஐந்தாவது தெளித்துக் குத்துவது, ஆறாவது அரைப்பது, ஏழாவது கபாலம் என்னும் ஓடுகளை அடுக்குவது, எட்டாவது மாவு பிசைந்து சுடுவது. ஒன்பதாவது வேதி அமைப்பது. பத்தாவது அகப்பைகளைத் துடைப்பதும் நெய் எடுப்பதும். பதினொன்றும் பன்னிரண்டும் சமித்து, தர்ப்பை, முதல் நெய்த்தாரைகள். பதின்மூன்று முடிவுரைச் சடங்குகள். பதினான்காவது வேறு இஷ்டிகளுக்கான பாடல்கள்; முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். பிராமணம் 3.2, 3.3 இரண்டும் இவற்றோடு கூடவே வரும்.

புரோடாசத்தின் வடிவம் பற்றி ஆபஸ்தம்பர் சொல்வது அழகு: உயரமாக இருக்கக்கூடாது, அப்பம் போல இருக்கக்கூடாது, ஆமையின் உருவில், குதிரைக் குளம்பின் அளவில். பௌர்ணமியில் அக்னிக்கு எட்டுக் கபாலத்தில் ஒன்று, அக்னீஷோமருக்குப் பதினொன்றில் ஒன்று. நடுவே நெய்யால் மெல்லச் சொல்லிச் செய்யும் உபாம்சு யாகம்.

விறகுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் 21 குச்சிகள்: தீ வளர்க்கச் சொல்லும் சாமிதேனி மந்திரங்களுக்கு 15, வேலிபோல் வைக்கும் பரிதி 3, ஆகாரம் என்னும் நெய்த்தாரைக்கு 2, அனுயாஜம் என்னும் பின் ஆகுதிகளுக்கு 1. சாமிதேனி மந்திரங்கள் 11தான். முதலும் கடைசியும் மும்முறை சொல்லப்படுவதால் 15. "பதினைந்து என்று இருக்கிறதே, புத்தகத்தில் பதினொன்றுதானே" என்ற திகைப்பு எல்லோருக்கும் வரும்.

இதுவரை பார்த்தது அத்வர்யுவின் பங்கு மட்டுமே. யஜமானர் சொல்வது சம்ஹிதை 1.6இல் இருக்கிறது. ஹோதாவின் மந்திரங்கள் பிராமணம் 3.5இல். ஹோதா பகுதிக்கான விளக்கம் மீண்டும் சம்ஹிதை 2.5, 2.6இல். கிருஷ்ண யஜுர்வேதத்தில் மந்திரமும் பிராமணமும் இப்படிக் கலந்து கிடக்கும். இந்த நான்கு விலாசங்களையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். சாயணரின் சம்ஹிதை உரை கிடைத்தால் வேலை பாதி குறையும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் உரிய சூத்திர வரியையும் பிராமண வரியையும் அவரே அங்கங்கே எடுத்துவைக்கிறார்.

ஓர் ஆகுதி நடக்கும் விதம் திரும்பத் திரும்ப வருவதால் ஒருமுறை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். ஜுஹூவில் முதலில் நெய் பூசுவார்கள். புரோடாசத்தின் நடுவிலிருந்து ஒன்றும் கிழக்குப் பாதியிலிருந்து ஒன்றுமாகப் பெருவிரல் கணு அளவுக்கு இரண்டு துண்டு. மேலே நெய். ஆக நான்கு. அத்வர்யு "ஓ ச்ராவய" என்பார். ஆக்னீத்ரர் "அஸ்து ச்ரௌஷட்" என்பார். அத்வர்யு "யஜ" என்று ஹோதாவை ஏவுவார். ஹோதா "யே யஜாமஹே" என்று தொடங்கி மந்திரம் சொல்லி "வௌஷட்" என்று முடிப்பார். அப்போது ஆகுதி விழும். நான்கு, நான்கு, இரண்டு, ஐந்து, இரண்டு: பதினேழு எழுத்து. இந்தப் பதினேழே பிரஜாபதி, வேள்வியெங்கும் தொடர்ந்து நிற்பவர் என்று சம்ஹிதை 1.6.11 கணக்குக் காட்டுகிறது.

பிராமண உரைநடையில் விதி எது, புகழ்ச்சி எது

பிராமணத்தில் ஒரு வரி "செய்க" என்று ஏவும். பத்து வரி ஏன் என்று கதை சொல்லும். ஏவுவது விதி, கதை அர்த்தவாதம். விதியில் வினை விதிவடிவில் இருக்கும் அல்லது "செய்கிறான்" என்று நிகழ்காலத்தில் இருக்கும். அர்த்தவாதத்தில் "வை" என்ற இடைச்சொல் அடிக்கடி தலைகாட்டும். "இப்படி அறிபவன்" என்று முடியும். சொல்லுக்குச் சொல் பிறப்பு காட்டும்.

சம்ஹிதை 1.5.1ஐப் பாருங்கள். அக்னி அழுதான், அதனால் ருத்திரன், கண்ணீர் வெள்ளியாயிற்று, தர்ப்பைமேல் வெள்ளியைத் தட்சிணையாகத் தருபவன் வீட்டில் ஆண்டு முடிவதற்குள் அழுகை எழும், ஆகவே வெள்ளி தரக்கூடாது. இந்தப் பகுதியைச் சொல்லாராய்ச்சியாகவோ வரலாறாகவோ எடுத்துச் சண்டை போடுவது வீண். கதை முழுவதும் கடைசியில் வரும் அந்த ஒரு விலக்குக்குக் காவலாக நிற்கிறது. எந்தப் பிராமணப் பகுதியைப் படித்தாலும் முதலில் கீழே போய் விதி வரியைக் கோடிட்டுவிட்டு, பிறகு மேலே வந்து கதையைப் படியுங்கள்.

சில விதிகள் எந்தச் சடங்கோடும் சேராமல் தனியே நிற்கும். "எவனுடைய ஜுஹூ பலாசத்தால் ஆனதோ அவன் பழிச்சொல் கேட்கமாட்டான்" என்பது சம்ஹிதை மூன்றாம் காண்டத்தில் எங்கோ கிடக்கிறது, ஆனால் எல்லா இஷ்டிக்கும் பொருந்தும். பழிச்சொல் கேட்கமாட்டான் என்பது தனிப் பலனா என்று வேத விதிகளை ஆராயும் மீமாம்சகர் நெடுக விவாதித்து, இல்லை, மரத்தின் புகழ்ச்சிதான் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள்.

தவறு நடந்தால் என்ன செய்வது என்பதும் நூலிலேயே இருக்கிறது. அமாவாசை என்று எண்ணி நெல்லை எடுத்துவைத்த பிறகு கிழக்கே நிலவு எழுந்துவிட்டால்? நாள் கணக்குப் பிசகிவிட்டது. சம்ஹிதை 2.5.5 வழி சொல்கிறது: அரிசியை மூன்றாகப் பிரி, நடுத்தரமானது கொடுப்பவனாகிய அக்னிக்கு எட்டுக் கபாலத்தில், பெரியது இந்திரனுக்குத் தயிரில், மிகச் சிறியது சிபிவிஷ்ட விஷ்ணுவுக்குப் பாலில். பிசகைச் சடங்கை நிறுத்தாமல் சடங்குக்குள்ளேயே சரிசெய்யும் இந்தப் பகுதிகளைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த அடி

புறநானூறு 166ஆம் பாட்டு, பூஞ்சாற்றூர்க் கௌணியன் விண்ணந்தாயனின் முன்னோரை "மூவேழ் துறையும்" குறைவின்றிச் செய்தவர்கள் என்கிறது. அந்த இருபத்தொன்று: பாகயக்ஞம் ஏழு, ஹவிர்யக்ஞம் ஏழு, சோமயாகம் ஏழு. தர்சபூர்ணமாசம் நடு ஏழில் ஒன்று. படிப்பு வரிசை அதிலிருந்து அக்னிஹோத்திரம், பிறகு சாதுர்மாஸ்யம், கடைசியில்தான் அக்னிஷ்டோமம். 1975 ஏப்ரலில் கேரளத்துப் பாஞ்சாளில் நடந்த அதிராத்ர அக்னிசயனம் என்னும் பெரிய சோமவேள்வியின் படங்களைப் பார்த்துவிட்டு நேரே அங்கே தாவ ஆசை வரும். பன்னிரண்டு நாள் சடங்கு அது. இஷ்டி தெரியாதவர்களுக்கு அதில் எதுவும் தனித்தனியாகப் பிரிந்து தெரியாது.

படிப்பது வேறு, ஓதுவதும் வேட்பதும் வேறு. ஓதுதல் ஆசிரியர் வாயிலிருந்து கேட்டுத் திரும்பச் சொல்லும் சந்தை முறையில் வர வேண்டியது. இஷ்டி செய்ய முறைப்படி ஆதானம் செய்த, அதாவது நிறுவிய, அக்னியும் பத்னியும் வேண்டும். நோட்டுப் புத்தகம் அதற்கு ஈடாகாது.

புரிந்ததா என்று சோதிக்க ஒரு பயிற்சி. இரண்டாம் காண்டத்தில் பிரம்மதேஜஸ் வேண்டுபவருக்குச் சூரியனுக்கான சரு விதிக்கப்படுகிறது. முழுச் செய்முறை அங்கே சொல்லப்படவில்லை. பௌர்ணமி இஷ்டியிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சரு என்பது முழு அரிசியாக வேகவைத்த சோறு. உங்கள் மூன்று பத்தி நோட்டை எடுத்து, நெல் எடுக்கும் மந்திரத்தில் "அக்னயே" என்ற இடத்தில் "ஸூர்யாய" என்று மாற்றுங்கள். குத்துவதை விடாதீர்கள், உமி போக வேண்டும். அரைக்கும் ஆறாம் அனுவாகத்தையும் ஓடு அடுக்கும் ஏழாவதையும் பென்சிலால் அடியுங்கள். எட்டாவதில் எது நிற்கும், எது போகும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள்.